சான்றிதழோடு கடன் தீர்ந்துவிட்டதா?
நகரப் புதுப்பிப்புத் திட்டத்துக்காக வீடுகள் இடிக்கப்பட்டு ஃபில்மோர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு முன்னுரிமைச் சான்றிதழ் கொடுத்ததோடு சான் பிரான்சிஸ்கோ நகரம் அவர்களைத் திரும்பக் குடியமர்த்தும் வாக்கைக் காப்பாற்றிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்கவே முடியவில்லை. அந்தச் சான்றிதழ் வீட்டு வரிசையில் முன்னால் நிற்க வைக்கும், அவ்வளவுதான். வாடகையை யார் கட்டுவது? இடித்த மனைகளில் பல 1980கள் வரை காலியாகவே கிடந்தன. அதற்குள் பெற்றோர் தலைமுறையே போய்விட்டது. 1970இல் நகர மக்களில் 13 சதவீதத்துக்கு மேல் இருந்த கறுப்பினத்தவர் இன்று 5 சதவீத அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் "இன அடிப்படையில் சலுகை ஏன்?" என்று கேட்டிருக்கிறார். இது இனத்துக்குக் கொடுத்ததல்ல, வீட்டை இழந்தவர்களுக்குக் கொடுத்தது. ஜப்பானிய வம்சாவளியினர் வாழ்ந்த பக்கத்து ஜப்பான் டவுனிலும் இதே திட்டத்தில் வீடுகள் இடிக்கப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்த நாட்களில் 22ஆம் எண் பஸ்ஸில் ஃபில்மோர் தெரு வழியாகப் போவேன். ஜாஸ் இசையின் நினைவாக 2007இல் திறந்த பாரம்பரிய மையத்தில், இசைக்கூடம் மூடப்பட்ட பிறகு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருட்டுதான் தெரியும். ஒருமுறை என் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி அதைக் காட்டி, "எங்கள் வீடு இதற்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது" என்றார். பொதுப் பணத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தையாவது அவரைப் போன்றவர்களின் பிள்ளைகள் நடத்தும் கடைகளுக்கும் இசைக்கும் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும்.