நைட்ரேட் குறைந்ததால் மண் வீணாகிவிடாது

பலவகைச் செடிகள் கலந்து வளரும் புல்வெளியில் நைட்ரேட் (வேர்கள் உறிஞ்சும் நைட்ரஜன் சத்து) குறைவு, ஆகவே மண் சத்திழந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மனியின் யேனா நகரில் 2002-ல் தொடங்கிய சோதனையில் ஒரே இனம் முதல் 60 இனங்கள் வரை விதைத்தார்கள். இனம் கூடக்கூட மண்ணில் நைட்ரேட் குறைந்தது உண்மைதான். ஆனால் அதை வேர்கள் எடுத்துக்கொண்டன. எங்கள் வியாசர்பாடித் தெருவில் லாரித் தண்ணீர் பிடித்த ட்ரம் சாயங்காலம் காலியாகக் கிடந்தால், தண்ணீரே வரவில்லை என்றா சொல்வோம்? பயறுவகைச் செடிகள் இருந்த பாத்திகளில் நைட்ரேட் கூடியதையும் கட்டுரை விட்டுவிட்டது.

மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். கல்லூரி ப்ராஜெக்டுக்காக மாதவரம் பக்கம் புல்தரை மண் எடுத்தோம். மே மாத வெயில். ஐஸ் பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி, மறுநாள்தான் ஆய்வகம் போனோம். கவரின் உள்பக்கம் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. ராத்திரி முழுக்க நுண்ணுயிர்கள் உள்ளே அம்மோனியத்தை (நைட்ரஜனின் இன்னொரு வடிவம்) நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டுதானே இருந்திருக்கும்! அத்தனையும் கொட்டிவிட்டு மறுபடி எடுத்தோம். இம்முறை ஐஸில் வைத்து, அன்றைக்கே சலித்து, நைட்ரேட்டை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி வடிகட்டினோம். சோதனையில் எந்த மாதம், எத்தனை முறை மண் எடுத்தார்கள் என்று கட்டுரையாளர் தயவுசெய்து சேர்க்கவும்.