அப்பாவின் பறவைக் கூட்டாளிக்கு யார் சொல்வது?

சாவு வீட்டில் ஃபோன் போகிற வரிசை நமக்கு மனப்பாடம்: பங்காளி, சம்பந்தி, ஆபீஸ், தெரு. அப்பாவோடு முப்பது வருஷம் பறவை பார்க்க பைனாகுலரும் கையுமாக ஏரி ஏரியாக அலைந்தவர் இதில் வருவதே இல்லை. மாலை போட்ட படத்தை வாட்ஸ்அப் குழுவில் பார்த்துத்தான் அவருக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால் அவர் பெயர் முதல் ஐந்துக்குள் வரவேண்டும்.

நம்பர் கிடைக்காவிட்டால் அப்பாவின் ஃபோனில் ஊர்ப்பெயரில் தேடுங்கள். 'கோடியக்கரை' என்று பதிந்திருப்பார். 'சீரியஸா இருக்கார்' என்று பூசி மெழுகி வரவழைப்பது வேண்டாம். "மாமா, அப்பா காலையில தவறிட்டாங்க" என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி "எப்ப எடுக்கிறீங்க?" என்பதுதான். நேரமும் இடமும் கையில் இருக்கட்டும். எண்பதை நெருங்கியவர், காது மந்தம், தனியாக இருக்கிறார் என்றால் முதலில் மகனுக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்லி, ஆள் கூட இருக்கும்போது பேசுங்கள்.

அந்த ஃபோனில், அப்பா பார்த்த பறவைகளைக் குறித்துவைத்த நோட்டுப்புத்தகப் பேச்சை எடுக்காதீர்கள். அதைக் கருமாதி முடிந்து பேசலாம். ஆனால் அதற்குள் வீட்டை ஒழிக்கிறேன் என்று யாராவது பழைய பேப்பர்காரரிடம் கட்டோடு போட்டுவிடுவார்கள். தனியாக எடுத்து வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். அட்டை உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். மூலத்தைக் கூரியரில் அனுப்பவே வேண்டாம்.

அவர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். 'ஒ.ஐ. 40+, டாப் 6, பழைய மதகு' என்று ஒரு வரி இருக்கும். ஒ.ஐ. என்பது ஒயிட் ஐபிஸ், பழைய பெயர். இன்று பிளாக் ஹெடட் ஐபிஸ், நம் அரிவாள் மூக்கன். டாப் என்பது டாப்சிக், அதாவது முக்குளிப்பான். இதையெல்லாம் புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். 'பழைய மதகு' எந்த ஏரியின் எந்த மதகு? அங்கே கூட நின்றவருக்குத்தான் தெரியும். ஒரு தடவைக்குப் பத்து பக்கம் போதும், அதற்கு மேல் களைத்துப்போவார். சம்மதம் கேட்டு ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டில் இல்லாததைத்தான் அதிகம் சொல்வார்.

பார்த்த பறவைகளைப் பதிகிற இபேர்ட் (eBird) இணையதளத்தில் இந்தக் குறிப்புகளை ஏற்றுவதாக இருந்தால் தேதியும் இடமும் கட்டாயம். பறவை பார்க்கவே போன நாள்தான், ஆனால் நேரம் குறிக்கவில்லை என்றால் 'ஹிஸ்டாரிக்கல்' வகையில் போடுங்கள். நேரத்தை உத்தேசமாக எழுதி நிரப்பாதீர்கள்.

அலமாரியில் முட்டை, பதப்படுத்திய பறவை ஏதும் இருந்தால் நினைவாக இருக்கட்டும் என்று அவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வனத்துறையைக் கேளுங்கள். பைனாகுலரைத் தாராளமாகக் கொடுக்கலாம், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் முன்.

சில பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும். படியெடுக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பறவை என்னவென்று இரண்டு பேரும் வரப்பிலேயே சண்டை போட்டிருப்பார்கள்.