சேவைக் கற்றல் வெறும் சிரமதானம் இல்லை

சேவைக் கற்றல் என்பது சிரமதானத்துக்கு இன்னொரு பெயர், உயர்தரம் (A/L) படிக்கும் பிள்ளைகளின் நேரம்தான் வீண் என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது சரியில்லை. சிரமதானத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். சேவைக் கற்றலில் வேலை பாடத்தோடு சேர்ந்தே வரும், முடிந்த பிறகு உட்கார்ந்து யோசித்துப் பேசி எழுதவும் வேண்டும்.

டெங்கையே எடுங்கள், 2017இல் இலங்கை முழுக்க 1,86,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட நோய். உயிரியல் படிக்கும் பிள்ளை கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு ஒழுங்கைக்குள் இறங்கி எந்தச் சாடியில் நுளம்புக் குடம்பி (புழு) இருக்கிறது என்று எண்ணிப் பதிந்தால், முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதால்தான் வாராவாரம் துப்புரவாக்கச் சொல்கிறார்கள், முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும் என்பதெல்லாம் கண்ணெதிரே விளங்கும். ஒழுங்கைச் சனத்துக்கும் அந்தக் கணக்கு மிஞ்சும்.

படிப்பு கெடும் என்கிறீர்கள். 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில், சேவைக் கற்றலில் ஈடுபட்ட மாணவர்களின் கல்வி அடைவும் கூடியிருந்தது. ஆனால் படம் எடுத்துச் சான்றிதழ் கொடுப்பதோடு முடிகிற நிகழ்ச்சிகளைச் சொன்னீர்களென்றால், அந்தக் கோபம் எனக்கும் உண்டு.