பாடகர்களுக்கும் இடம் வேண்டும்

அறுபதுகளின் இறுதியில் பிறந்த ஜாஸ் ஃப்யூஷன் இசையை (ஜாஸும் ராக் இசையும் மின்கருவிகளும் கலந்தது) இன்றைய ரசிகர்கள் மீண்டும் தேடிக் கேட்பதைச் சொல்லி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸையும் மின்கருவிகளையும் தாண்டிப் பாடகர்களிடம் செல்லாதது ஒரு குறையே. 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் அவர் 'இன் எ சைலன்ட் வே' தொகுப்பைப் பதிவு செய்தபோது மூன்று பேர் மின் பியானோ, ஆர்கன் போன்ற விசைப்பலகைக் கருவிகளை வாசித்தார்கள் என்பதும், தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டித் தொடக்கப் பகுதியையே முடிவிலும் வைத்தார் என்பதும் முக்கியமானவைதான்.

ஆனால் அதே மாதம், அதே நகரில், சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸின் 'கர்மா' தொகுப்பு பதிவாயிற்று. அரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டு இசைத்தட்டின் முதல் பக்கத்தை நிரப்பி இரண்டாம் பக்கத்திலும் தொடரும் அதன் முதன்மைப் பாடலில், பாடகர் லியோன் தாமஸ் சொற்களை நிதானமாகப் பாடிக்கொண்டே வந்து, திடீரென்று அவற்றைக் கைவிட்டு, அடிக்குரலுக்கும் பொய்க்குரலுக்கும் (இயல்பைவிட உச்சத்தில் எழுப்பும் மெல்லிய குரல்) இடையே தாவித் தாவிக் குரலையே ஒரு வாத்தியமாக்கிவிடுகிறார். அதே ஆண்டு ஐரோப்பாவில் ஜெர்மன் ஜாஸ் கலைஞர் குன்டர் ஹாம்பலுடன் பாடிய அமெரிக்கப் பாடகி ஜீன் லீயின் பெயரும் கட்டுரையில் இல்லை. குரல் கலைஞர்களுக்கென்று தனியாக ஒரு பகுதியைக் கட்டுரையாளர் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.