கோட்டுக்கு இந்தப் பக்கம்

டெக்ஸாஸில் வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது ஸ்கூல் ரேட்டிங். வாஸ்துகூட அப்புறம்தான். பத்துக்கு எட்டுக்குக் குறைந்தால் காரைவிட்டே இறங்க மாட்டோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

வாங்கிய பிறகு, வாரக் கடைசியில் நாலு குடும்பம் கூடினால் ஒரே புலம்பல்: "நாம கட்டுற வரியை எடுத்து எவனுக்கோ குடுக்கிறான், ராபின் ஹூட்!" ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரே நகர வட்டாரத்தைக்கூடக் கோடு போட்டுப் பல பள்ளி மாவட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். அரசுப் பள்ளிகளின் செலவில் பெரும்பங்கு அந்தந்தப் பள்ளி மாவட்டத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏறிய இடத்தில் பள்ளியும் செழிக்கும். பணக்கார மாவட்டத்தின் வரியில் ஒரு பங்கை ஏழை மாவட்டங்களுக்குத் திருப்பிவிட 1993-இல் வந்த சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர்தான் ராபின் ஹூட்.

அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். அதோடு என் புலம்பல் நின்றது.

சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு பகுதி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிக் குடும்பங்கள். 1968 மே மாதம் அங்கே சுமார் 400 மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். பாழடைந்த கட்டடம், தகுதியான ஆசிரியர்கள் போதவில்லை. விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை பார்த்த டெமெட்ரியோ ரோட்ரிகெஸும் மற்ற பெற்றோர்களும் இந்த வரி முறையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள்.

அதே நகர வட்டாரத்தில் அலமோ ஹைட்ஸ் பணக்காரப் பகுதி. 1967-68இல் ஒரு மாணவருக்கு அங்கே செலவு 594 டாலர், எட்ஜ்வுட்டில் 356. ஏழைகள் வரி கட்டவில்லை, அதனால் பள்ளிக்குப் பணம் இல்லை என்று நினைப்போம் அல்லவா? எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட். ஆனால் ஒரு மாணவருக்கு இருந்த சொத்து மதிப்பு எட்ஜ்வுட்டில் 5,960 டாலர். அங்கேயோ 49,000-க்கு மேல். எலுமிச்சையே சுண்டைக்காய் அளவு என்றால் எவ்வளவு இறுக்கிப் பிழிந்து என்ன?

1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கையை விரித்தது: கல்வி, கூட்டாட்சி அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல. தீர்ப்பை எழுதிய நீதிபதி பாவெல் ஒருகாலத்தில் ஒரு நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எட்ஜ்வுட்காரர்கள் விடவில்லை. மாநில நீதிமன்றங்களில் மறுபடி போராடி, 1989-இல் டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளையும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதன் விளைவுதான் நாம் திட்டும் ராபின் ஹூட்.

பள்ளியோடு இந்த ஏற்றத்தாழ்வு நிற்பதில்லை. 2007-இல் மேரிலாந்தில் 12 வயதுப் பையன் ஒருவன் சொத்தைப் பல்லால் இறந்தான். கிருமி மூளைக்கு ஏறிவிட்டது. பல்லைப் பிடுங்க 80 டாலர் போதும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு அந்தக் குடும்பத்துக்கு இடையில் அறுந்திருந்தது. மூளை அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் மருத்துவமனை என்று அப்புறம் ஆன செலவோ இரண்டரை லட்சம் டாலரைத் தொட்டது. என் மகளின் பல்லில் க்ளிப் போட நான் டாக்டரை ரேட்டிங் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

போன மாதம் ஒரு விருந்தில் மறுபடி ராபின் ஹூட் பேச்சு வந்தது. 1.05, 85 சென்ட் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தர், "அதெல்லாம் சரிங்க, உங்க வீடு எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?" என்றார்.

சொன்னேன். ரேட்டிங்கையும் கேட்டார்.

"ஒன்பது" என்றேன். பேச்சு பிரியாணிக்குத் திரும்பியது.