திருகாணி மேல் ஒரு ஸ்டிக்கர்

லேப்டாப்பில் வெறும் 4 ஜிபி ரேமை (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) வைத்துக்கொண்டு பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே மவுஸ் அம்பு நொண்டியடிக்கிறது. சரி, இன்னொரு ரேம் போடலாம் என்று லேப்டாப்பைக் கவிழ்த்தால், ஒரே ஒரு திருகாணியின் தலையில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி ஸ்டிக்கர்: கிழித்தால் வாரண்டி போச்சாம்! காசு கொடுத்து வாங்கியவன் நான், திறக்க யாரிடம் அனுமதி கேட்பது? சர்வீஸ் சென்டரில் ஒருவர் "தாராளமா போடுங்க சார்" என்கிறார், அடுத்தவர் "தொடவே கூடாது" என்கிறார், எழுதிக் கொடுங்கள் என்றால் இரண்டு பேருமே கப்சிப். உள்ளே ரேம் செருகக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்றால் அதுவும் தெரியாதாம். சில மாடல்களில் ரேமை மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், அப்புறம் ஆயுசுக்கும் அதே 4 தான். ரேமிலும் தலைமுறை உண்டு: பழைய டிடிஆர்3 ஸ்லாட்டில் அடுத்து வந்த டிடிஆர்4 நுழையவே நுழையாது, ரேமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. இதையெல்லாம் பெட்டி மேல் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? "அதிவேகம்" என்று கொட்டை எழுத்தில் போட மட்டும் இடம் இருக்கிறதாக்கும்!