பவளத்தைப் பிடித்து நிற்கும் பஞ்சு

பவளப்பாறையைக் காப்போம் என்று பேசுகிறவர்கள்கூட கடற்பஞ்சைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஆதங்கம்.

தஞ்சாவூர்க் கடலோரத்து மல்லிப்பட்டினம் பக்கம், கடல்தரையை வழித்து வரும் இழுவைமடி வலை கரைக்கு வந்ததும் இறாலையும் நண்டையும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைக் கழிசல் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குவியலில் சில நேரம் விரல் விரலாகக் கிளைவிட்ட ஒன்று கிடக்கும். பார்த்தால் செடி மாதிரி இருக்கும். அழுத்தினால் தண்ணீர் கசியும். மேலெல்லாம் பொடித் துளைகள். வெறுங்கையால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத முள் ஏறி அரிக்கும்.

அதுதான் கடற்பஞ்சு. செடியில்லை, விலங்கு. வாய், வயிறு எதுவும் கிடையாது. துளைகள் வழியே கடல்நீரை உள்ளே இழுத்து, நுண்ணுயிர்களை வடித்துத் தின்றுவிட்டு நீரை வெளியே விடும்.

கரீபியன் கடலில் ஆம்பிமெடான் கம்ப்ரெசா என்று கிளைவிடும் சிவப்புக் கயிற்றுப் பஞ்சு உண்டு. அலையடித்துக் கிளை முறிந்தால், அந்தத் துண்டு பாறையில் ஒட்டிக்கொண்டு தனியாக வளரத் தொடங்கும். அந்தக் கடலில் சில பவளத்திட்டுகளிலிருந்து பஞ்சுகளை மட்டும் அகற்றிப் பார்த்தார்கள் ஜேனி உல்ஃப், லியோ பஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1979இல் அதை வெளியிட்டார்கள். பஞ்சு போன இடத்தில் பவளம் பெயர்ந்து விழுந்தது பல மடங்கு அதிகம். வரப்பு மண்ணை அருகம்புல் பிடித்து வைத்திருக்கிறதே, அதே வேலையைத்தான் பஞ்சு அங்கே செய்கிறது.

நம் ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிப் பவளம் வளராது. சேறும் நன்னீரும் அதற்கு ஆகாது. தெற்கே மண்டபம், மன்னார் வளைகுடா என்று போக வேண்டும். ஆனால் பஞ்சுக்குப் பவளம்தான் வேண்டும் என்றில்லை. கல்லோ சிப்பியோ கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் மடி வழித்துக்கொண்டு வருகிறது.

வருஷத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான். ஆனால் அடித்தளத்தையே சுரண்டிய இடம் இரண்டு மாதத்தில் தேறிவிடும் என்று நான் நம்பவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது அரசு. அங்கே கடற்பசுவையும் கடற்புல்லையும் கணக்கெடுக்கும்போது பஞ்சையும் சேர்த்து எடுக்க வேண்டும். அது இருக்கும் கல்தரைகளில் இழுவைமடி இறங்கவே கூடாது.

விசைப்படகுக்காரர்களின் கடன் பாரம் எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. இழுவைப் படகிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் 2017இலேயே வந்தது. சின்ன முதலாளியும் கடனில் மூழ்காமல் மாறுகிற மாதிரி அதைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.